பழைய தமிழ் காமிக்ஸ்: தரம் பார்ப்பது, பாதுகாப்பது, பழுதில்லாமல் அனுப்புவது

விற்பனை அறிவிப்புகளில் 'நல்ல நிலை' என்று போடுவார்கள். அட்டை இருந்தால் நல்ல நிலை. அட்டையில் ஒட்டிய செலோடேப் காய்ந்து பழுப்பேறியிருந்தாலும் நல்ல நிலை. நடுத்தாளே காணாமல் போயிருந்தால் 'ஓரளவு நல்ல நிலை'. பழைய காமிக்ஸ் கைமாறும்போது எழும் மனக்கசப்புகளில் பாதி விலையால் வருவதில்லை, இந்த இரண்டு சொற்களால் வருகிறது. விற்பவர் பொய் சொன்னார் என்றும் சொல்லிவிட முடியாது. நாற்பது ஆண்டு பழைய சாணித்தாள் புத்தகத்துக்கு இதுவே நல்ல நிலை என்று அவர் மனதார நம்பியிருப்பார்.

அதனால் இங்கே ஒரே ஒரு பிடிவாதத்தோடு தொடங்குகிறேன். குறைகளை முதலில் எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பிறகு போடுங்கள். பாதுகாப்பு விஷயத்திலும் இதே போல ஒரு பிடிவாதம் உண்டு. நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் நீக்கிவிட முடியாத எதையும் புத்தகத்துக்குச் செய்யாதீர்கள்.

நான் மனதில் வைத்து எழுதுவது 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் பிறந்த லயன், அதே ஆண்டு தினத்தந்தி குழுமம் தொடங்கிய ராணி காமிக்ஸ், டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் தமிழ்ப் பதிப்பு ஆகியவற்றை. அண்மைக்காலத்து வழவழப்பான வண்ண இதழ்களுக்கு வேறு வகை நோய்கள் உண்டு. அவை தண்ணீரைப் பற்றிப் பேசும்போது வரும்.

அமெரிக்க அளவுகோல் எவ்வளவு உதவும்?

உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவது 0.5 முதல் 10 வரையிலான அமெரிக்க அளவுகோல். ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970-இல் வெளியிடத் தொடங்கிய விலை வழிகாட்டிதான் நிலைகளுக்கான பெயர்களை நிலைநிறுத்தியது. 2000-இல் தொடங்கிய சிஜிசி நிறுவனம், புத்தகத்தைப் பார்த்து எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி அனுப்பும் முறையைப் பரப்பியது. அந்த உறையில் இருக்கும் எண்ணுக்குச் சந்தை என்ன விலை தரும் என்பதற்கு எடுத்துக்காட்டு, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938-ஆம் ஆண்டு இதழ். அதன் 9.0 பிரதி ஒன்று 2014-இல் 32 லட்சம் டாலருக்கு விற்றது. 8.5 பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்குப் போனது.

அளவுகோலின் முக்கியப் படிகளை மட்டும் சொல்கிறேன். 9.4-க்கு மேல் என்றால் கடையிலிருந்து நேரே வந்தது போன்ற பிரதி. 8.0 என்பது கவனமாக இரண்டொரு முறை படிக்கப்பட்டது. 6.0 என்றால் படித்த தடம் தெரியும், ஆனாலும் பார்க்க அழகாக இருக்கும். 4.0 நடுத்தரம். 2.0 நன்றாக அடிபட்டது, ஆனால் முழுதாகப் படிக்க முடியும். 1.0, 0.5 என்றால் துண்டோ பக்கமோ போயிருக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 2.0-க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'குட்'. வெளிநாட்டு வாங்குபவரிடம் 'குட் கண்டிஷன்' என்று எழுதினால் அவர் அடிபட்ட புத்தகத்துக்கான விலையைத்தான் சொல்வார்.

இந்த அளவுகோலை அப்படியே நம் இதழ்கள்மீது வைத்தால் பெரும்பாலானவை 2.0-க்கும் 4.0-க்கும் நடுவே குவிந்துவிடும். காரணம், அவை வாழ்ந்த வாழ்க்கை அப்படி. வாடகை நூல் நிலையங்களில் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துப் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்து பைண்டு செய்தார்கள். ஓரம் சமமாக வரவேண்டும் என்று மூன்று பக்கமும் கத்தி போட்டார்கள். அட்டையில் ரப்பர் முத்திரை குத்தினார்கள். பிறகு பழைய புத்தகக் கடைக்கு வந்தபோது பைண்டைப் பிரித்துத் தனித்தனியாக விற்றார்கள். அமெரிக்கக் கையேட்டில் இந்தக் கதைக்கு இடமில்லை. ஆகவே எண்ணை ஒரு சுருக்கக் குறியாக மட்டும் வைத்துக்கொண்டு, தையல் துளை, ஓர வெட்டு, நூலக முத்திரை மூன்றையும் தனியே எழுதுவதே முறை.

படி 1: பார்ப்பதற்கு முன்

மேசையைத் துடைத்து உலரவிடுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். உதிரும் தாள் துணுக்கு, பூச்சியின் எச்சம், துருத்தூள் எல்லாம் அதில் தெரியும். கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். பருத்திக் கையுறை வேண்டாம். அது விரலின் உணர்வை மழுங்கடிக்கும், நொறுங்கும் தாளின் ஓரத்தில் மாட்டிக் கிழிக்கவும் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையோடு அட்டையைத் தொடாதீர்கள். அந்த விரல்ரேகை போகாது.

ஒரு ஸ்கேல், சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி, டார்ச் விளக்கு. இவ்வளவுதான் தேவை. முடிந்தால் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று.

படி 2: முதுகிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் அட்டைப்படத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். புத்தகத்தின் வரலாறு இருப்பது முதுகில். மூடிய நிலையிலேயே ஓரத்திலிருந்து பாருங்கள். முதுகு ஒரு பக்கமாக உருண்டு, முன்னட்டை பின்னட்டையைவிட உள்ளே தள்ளியிருந்தால், யாரோ அதை மடித்துப் பிடித்துப் படித்திருக்கிறார்கள். தாள்களைப் பிடித்திருக்கும் கம்பிப் பின்னைச் சுற்றிக் குறுக்காக ஓடும் சிறு வெள்ளைக் கோடுகள், மை உடைந்த மடிப்புகள். மை உடையாத மடிப்பும் உடைந்த மடிப்பும் ஒன்றல்ல. முன்னதை அழுத்தத்தால் ஓரளவு சரிசெய்யலாம், பின்னது நிரந்தரம்.

முதுகு பிளந்திருந்தால் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க வழக்கில் அரை அங்குலம் வரை 6.0-இல் பொறுத்துக்கொள்வார்கள், ஓர் அங்குலம் வரை 4.0-இல், இரண்டு அங்குலம் வரை 2.0-இல். அட்டை ஒரு பின்னில் தளர்ந்திருந்தாலும் 4.0 கிடைக்கலாம். முழுதாகக் கழன்றுவிட்டால் கிடைக்காது.

இனி பின்கள். கடலோர ஊர்களில் இருந்த பிரதிகளில் பின் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கி, பின்னைச் சுற்றிய தாளே மக்கிப்போயிருக்கும். துரு பின்னில் மட்டும் இருக்கிறதா, தாளில் பரவிவிட்டதா என்று பிரித்து எழுதுங்கள். மூன்றாவதாக ஒரு பின் இருந்தால், அல்லது பின் பளபளவென்று புதிதாக இருந்தால், பின்னாளில் யாரோ அடித்திருக்கிறார்கள்.

படி 3: பக்கங்களை எண்ணுங்கள்

இதைச் செய்யாமல் விற்கவும் வாங்கவும் கூடாது. பக்க எண் அச்சிட்டிருந்தாலும் விரலால் ஒவ்வொரு தாளாக எண்ண வேண்டும். நடுவில் பின்னடித்த புத்தகத்தில் நடுத்தாள் போனால் கதையில் நான்கு பக்கம் போகும், பக்க எண் இல்லாத இதழில் அது உடனே தெரியாது. கதை திடீரென்று தாவுகிறதா என்று பாருங்கள். போட்டிக் கூப்பன், சந்தா படிவம் வெட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். வெட்டிய கூப்பனின் பின்பக்கத்தில் ஒரு படக்கட்டமும் சேர்ந்து போயிருக்கும். நடுத்தாள் இல்லாத பிரதி வெளிப்பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் 0.5-தான்.

தாளின் நிறத்தைத் தனியாகக் குறியுங்கள். வெள்ளை, மங்கல் வெள்ளை, பாலேட்டு நிறம், பழுப்பு, நொறுங்கும் நிலை என்று ஐந்து படி போதும். நம் சாணித்தாளில் வெள்ளையை எதிர்பார்ப்பது பேராசை. நொறுங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக மூலையை மடித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சோதனை முடிந்ததும் மூலை கையோடு வந்துவிடும். வெள்ளைத் தாளில் துணுக்குகள் உதிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

படி 4: ஒரு பிரதிக்கு எழுதிப் பார்ப்போம்

எழுபதுகளின் இந்திரஜால் இதழ் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதுகின் கீழ்முனையில் 1.5 செ.மீ. பிளவு. இரண்டு பின்களிலும் துரு, மேல்பின்னைச் சுற்றி 3 மி.மீ. அளவுக்குத் தாளில் கறை. அட்டை மேல்பின்னில் உறுதி, கீழ்ப்பின்னில் தளர்வு. முன்னட்டையின் வலது மேல் மூலையில் மை உடைந்த மடிப்பு, 2 செ.மீ. முதல் பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு பெயர். மூன்றாம் பக்கத்தில் வாடகை நூல் நிலையத்தின் வட்ட முத்திரை. ஓரம் வெட்டப்படவில்லை, தையல் துளை இல்லை. பக்கங்கள் முழுமை, பாலேட்டு நிறம், நொறுங்கவில்லை.

இதற்கு நான் 3.5 போடுவேன். பிளவும் தளர்வும் 4.0-க்குள் அடங்கும், துருக்கறை அதிலிருந்து அரைப்படி இறக்குகிறது. இன்னொருவர் 4.0 போடலாம், சண்டை வராது. ஏனென்றால் வாங்குபவர் மேலே உள்ள பத்தியைப் படித்துவிட்டார். பெயரும் முத்திரையும் மதிப்பைக் குறைக்குமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் கடைக்காரர்கள் அட்டையில் குத்திய வருகைத் தேதி முத்திரையை யாரும் பெரிய குறையாக நினைப்பதில்லை. ஊர்ப் பெயரோடு தெளிவாகப் பதிந்த ஒரு நூலக முத்திரையை நான் குறை என்றே சொல்லமாட்டேன். படத்தின் முகத்தில் குத்தியிருந்தால் வேறு விஷயம்.

அட்டை முன்புறம், பின்புறம், முதுகு, இரண்டு பின்கள், நடுத்தாள், ஆக மோசமான குறை. இவ்வளவையும் படம் எடுங்கள். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், பளபளக்கும் உறையை நீக்கிவிட்டு எடுங்கள். உறைக்குள் வைத்தே படம் அனுப்புபவரிடம் உறைக்கு வெளியே ஒரு படம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

படி 5: மறுபதிப்பா, நகலா?

இரும்புக்கை மாயாவி போன்ற புகழ்பெற்ற கதைகள் பலமுறை மறுபதிப்பாகியிருக்கின்றன. காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்று மறுபதிப்புக்காகவே ஒரு வரிசையும் வந்தது. கதைத் தலைப்பை வைத்து முதல் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வெளியீட்டு எண், விலை, உள்ளே வரும் 'அடுத்த வெளியீடு' விளம்பரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். விளம்பரம்தான் சிறந்த சாட்சி. 1975-இல் வந்ததாகச் சொல்லும் இதழில் எண்பதுகளின் நாயகனுக்கு விளம்பரம் இருக்க முடியாது.

பெரிய தொல்லை நகல்கள். நம் பழைய இதழ்களில் பலவற்றின் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளைதான் என்பதால் நகலெடுத்துப் பின்னடிப்பது எளிது. ஆசைக்காக நகல் வைத்துக்கொள்பவர்கள் இருக்கட்டும், அது அசலாக விற்கப்படும்போதுதான் வினை. அட்டையை உருப்பெருக்கியில் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் ரோசாப்பூ வடிவம் காட்டும். இங்க்ஜெட் அச்சில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். உள்தாள்மீது புற ஊதா டார்ச்சை அடியுங்கள். இன்றைய வெள்ளைத் தாளில் சேர்க்கப்படும் வெளுப்பூட்டி நீலமாக ஒளிரும், பழைய செய்தித்தாள் ரகத் தாள் மந்தமாகக் கிடக்கும். பின்னின் துரு அடுத்தடுத்த தாள்களில் தடம் பதித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேநீரில் முக்கித் தாளைப் பழுப்பாக்கலாம், அந்தத் துருத்தடத்தைப் பல தாள்களில் ஒரே இடத்தில் கொண்டுவருவது கடினம்.

படி 6: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

சேதம் செய்தவர்களைக் கணக்கெடுத்தால் கரையானுக்கு இணையாக ஆர்வலர்களும் வருவார்கள்.

செலோடேப் வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்துத் தாளுக்குள் எண்ணெய்க்கறை போல இறங்கும், மேல்படலம் உரிந்துவிழும், கறை மட்டும் நிற்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அச்சும் சேர்ந்து வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பசையிலிருந்து அட்டையை மீட்க வழியில்லை, லேமினேட் செய்த அட்டை சேகரிப்பாளர் கணக்கில் செத்த அட்டை. மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. இஸ்திரிப்பெட்டி மையை மினுக்க வைக்கும். மங்கிய இடத்தில் ஸ்கெட்ச் பேனா தடவுவது மோசடி. சிஜிசி முறையில் நிறம் தீட்டுவது, தாள் துண்டு சேர்ப்பது போன்ற சீரமைப்பு செய்த புத்தகத்துக்கு ஊதா நிறச் சீட்டுத்தான், அதன் விலையும் சரியும். முறையாக அழுத்திச் சமன்செய்வதை மட்டும் அவர்கள் சீரமைப்பாகக் கருதுவதில்லை.

கிழிசல் பெரிதாகிக்கொண்டே போகிறது, ஒட்டியே ஆகவேண்டும் என்றால் அதற்குரியது ஜப்பானிய நார்த்தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும். பிற்பாடு ஈரம் காட்டினால் கழன்றுவிடும், அதுதான் அதன் அழகு. ஆவணக் காப்பகங்களில் பணிபுரிவோருக்கு இது அன்றாட வேலை. முதல் முறை செய்பவர் விலையில்லாத ஒரு கிழிந்த வார இதழில் பழகிவிட்டு வரட்டும்.

சாதாரண வளைவை நேராக்க, இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, சில வாரம் மறந்துவிடுங்கள். போதும்.

படி 7: உறையும் தாங்கட்டையும்

பழைய தாள் ஏன் பழுக்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானே புரியும். மலிவுத் தாள் மரத்தை அரைத்துச் செய்தது. மரத்தின் லிக்னினை அதில் நீக்குவதில்லை, ஒளியும் காற்றும் பட்டு அது பழுக்கும். மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரத்திலிருந்தும் அமிலம் உருவாகும். அமிலம் செல்லுலோஸ் இழைகளை வெட்டும், தாள் நொறுங்கும். ஆக, நோய் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் வேலை அதை மெதுவாக்குவது, வெளியிலிருந்து புது அமிலம் வராமல் காப்பது.

உறைகளில் முதலிடம் மைலார் எனப்படும் பாலியெஸ்டர் படலத்துக்கு. கெட்டி, தெளிவு, பல பத்தாண்டு தாங்கும், விலைதான் கடிக்கும். அரிய இதழ்களுக்கு மட்டும் அதை வாங்கலாம். மற்றவற்றுக்கு பாலிப்ரொப்பிலீன் உறை போதுமானது. சென்னை பேரீஸ் பக்கத்து மொத்தக் கடைகளில் வாழ்த்து அட்டைக்கும் துணிக்கும் விற்கும் 'பிபி கவர்' அதுதான். பல அளவுகளில் கிடைப்பதால், அமெரிக்க உறைகளில் தொளதொளவென்று ஆடும் நம் பாக்கெட் அளவு இதழ்களுக்கு இதுவே பொருந்தும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிவிசி பக்கம் போகாதீர்கள். பிசுபிசுப்பும் ரெக்சின் வாடையும் அடிக்கும் உறை அதுதான். அது வெளிவிடும் அமிலமும் எண்ணெயும் அட்டையின் மையைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த பிபி கவர்களில் ஓர் ஆபத்து, வாயில் இருக்கும் ஒட்டுப்பட்டை. அது மடிப்பு நாக்கில் இருந்தால், புத்தகத்தை வெளியே இழுக்கும்போது அட்டை அதில் உரசி, ஒட்டி, மை உரிந்து வரும். ஒட்டுப்பட்டை உறையின் உடலில் இருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பட்டையின் காகிதத்தை உரிக்காமலே நாக்கை மடித்துச் சொருகிவிடுங்கள்.

இதழ் வளையாமலிருக்க உறைக்குள் அதன் பின்னால் ஒரு தாங்கட்டை வேண்டும். ஸ்டேஷனரிக் கடை டூப்ளெக்ஸ் அட்டை, சட்டைப் பெட்டி அட்டை எல்லாம் மறுசுழற்சிக் கூழ், அமிலம் மிக்கவை. அவற்றை வைத்தால் பின்னட்டையில் பழுப்பு நிழல் விழும். படம் சட்டமிடும் கடைகளிலும் ஓவியப் பொருள் கடைகளிலும் அமிலமற்ற மவுண்ட் போர்டு கிடைக்கும். கால்சியம் கார்பனேட் சேர்த்தது என்றால் இன்னும் நல்லது, வெளிப்படும் அமிலத்தை அது சமன்செய்யும். இதழைவிட 2, 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

பின்னடித்த மெல்லிய இதழ்களைத் தாங்கட்டையோடு பெட்டியில் நிமிர்த்தி அடுக்கலாம், சாயாத அளவுக்கு நெருக்கமாக, விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. தீபாவளி மலர், கோடை மலர் போன்ற குண்டு புத்தகங்களின் முதுகுப் பசை காய்ந்திருக்கும். அவற்றைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்துக்கு மேல் ஏற்றாமல் வையுங்கள்.

படி 8: எங்கே வைப்பது

பரணில் வைக்காதீர்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், சித்திரை வெயிலில் வீட்டிலேயே சூடான இடம். கட்டிலுக்கு அடியில் தரையோடும் வேண்டாம். வெளிச்சுவரில் ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வெயில் படாத இடமே சரி. இரும்பு பீரோ நல்லதுதான், பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

நூலகப் பாதுகாப்பில் சொல்லப்படும் 20 டிகிரி வெப்பமும் 50 சதவீதத்துக்கு உட்பட்ட ஈரப்பதமும் சென்னை வீட்டில் நடக்கிற காரியமில்லை. எட்டக்கூடிய இலக்கு, மூடிய பெட்டிக்குள் ஈரப்பதத்தை 55 சதவீதத்துக்குள் வைத்திருப்பது. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு சிறிய ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற ரகம் வாங்குவது மேல். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறையில் திறந்த அலமாரியில் வைப்பது, ஏசியே இல்லாத அறையைவிட மோசம். தினமும் ஏறி இறங்கும் ஈரம்தான் தாளை அலையலையாக நெளிய வைக்கிறது.

பூச்சிகளுக்கு வருவோம். இராமபாணப் பூச்சிக்குத் தாளின் மேல்பூச்சும் பசையும் பிடிக்கும். அட்டைமீது வரைபடத் தீவுகள் போலச் சுரண்டிய திட்டுகள் இருந்தால் அதன் வேலை. கரையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண் குழாய் கட்டி வரும், அதனால்தான் சுவரைத் தொடாதே என்றேன். அந்துருண்டை போடுவார்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும், வாடை தாளை விட்டு ஆண்டுக்கணக்கில் போகாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் நச்சு. வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் இலையின் ஈரமும் கறையும் தாளில் இறங்கும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம், சுவடி காத்தவர்கள் செய்ததுதான். ஆனால் எதுவும் சுத்தமாகத் துடைத்த அலமாரிக்கு ஈடாகாது.

புதிதாக வரும் எந்தப் பழைய இதழையும் நேராகச் சேகரிப்பில் சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் தனி உறையில் தள்ளி வையுங்கள். மணல்துகள் போல நகரும் வெளிர்நிறப் பூச்சியோ, புதிதாக உதிர்ந்த தூளோ தெரிந்தால், காற்றை வெளியேற்றி இரட்டைப் பையில் இறுக மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒருநாள் முழுதும் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாள்மீது நீர் கோத்துவிடும்.

நனைந்துவிட்டால்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதைத் தனியே சொல்லவேண்டியதாகிவிட்டது. ஈரத்தாளில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சாணித்தாள் இதழ் என்றால் உறையிலிருந்து எடுத்து, சில பக்கங்களுக்கு ஒன்றாக வெள்ளை உறிஞ்சுதாள் வைத்து, மின்விசிறிக் காற்றில், வெயில் படாமல் உலர்த்துங்கள். உறிஞ்சுதாளை அடிக்கடி மாற்றுங்கள். இன்றைய லயன், முத்து இதழ்களின் வழவழப்பான ஆர்ட் தாள் அப்படியல்ல. நனைந்து உலரும்போது பக்கங்கள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரம் காயும் முன்பே பக்கங்களைப் பிரித்து இடைத்தாள் வையுங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கவனியுங்கள். உறைந்திருக்கும்வரை ஒட்டாது, பூஞ்சணமும் வராது.

படி 9: கட்டி அனுப்புவது

வழியில் நடப்பவை மூன்றுதான்: வளைவது, மூலை நசுங்குவது, நனைவது. கட்டுமானம் அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இதழை உறையில் தாங்கட்டையோடு வையுங்கள். நெளி அட்டையில் இரண்டு துண்டு வெட்டுங்கள், இதழைவிட நான்கு பக்கமும் 2 செ.மீ. பெரிதாக. ஒன்றின் நெளிவரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் ஓடவேண்டும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் அந்த வரியிலேயே மடங்கும், எதிரெதிராக வைத்தால் முழங்காலில் வைத்து அழுத்தினாலும் சுலபத்தில் வளையாது. உறையை ஓர் அட்டையின் நடுவில் வைத்து, மாஸ்கிங் டேப்பால் நான்கு மூலைகளிலும் அட்டையோடு பிடித்துவையுங்கள். டேப் உறையில்தான் ஒட்ட வேண்டும். இதழ் நகராது, அதனால் மூலை இடிபடாது. மேலட்டையை மூடிச் சுற்றிலும் டேப் போடுங்கள். டேப்பின் நுனியை அரை அங்குலம் மடித்துவிட்டால், பிரிப்பவர் பிளேடைத் தேட வேண்டியதில்லை.

இந்தப் பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டுங்கள். மழைக்கு அதுதான் காப்பு. அதன்மேல் காற்றுக்குமிழ்த் தாள் ஒரு சுற்று, பிறகு அட்டைப்பெட்டி. ஐந்து இதழ்களுக்கு மேலோ குண்டு புத்தகமோ என்றால் பெட்டிக்குள் பெட்டி. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் கசக்கிய தாளால் நிரப்பி, பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது. துணிப்பை, வெறும் கெட்டி உறை, நாளிதழில் சுற்றிச் சணல் கட்டுவது எல்லாம் வேண்டாம். சணல் ஓரத்தில் பதித்த பள்ளத்தோடு எத்தனையோ முதுகுகள் வந்திருக்கின்றன.

முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் வையுங்கள். மேல்சீட்டு நனைந்து போனாலும் பொட்டலம் வழி தவறாது. கட்டுவதைத் தொடக்கம் முதல் ஒரே காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சல் துறையில் பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால், கண்காணிப்பு எண்ணோடு அனுப்ப ஸ்பீட் போஸ்ட்தான். விலை உயர்ந்த இதழுக்குக் காப்பீடு கேளுங்கள். காப்பீடு இல்லாமல் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு அஞ்சல் கட்டணத்தை ஒட்டியது, புத்தகத்தின் மதிப்பை ஒட்டியதல்ல. தனியார் கொரியர் என்றால் பெருநகரங்களுக்கு வேகம், சிற்றூர்களில் கிளைக்குப் போய் வாங்கச் சொல்வார்கள், முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். வார இறுதி முழுதும் பொட்டலம் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூருக்கு அனுப்பும்போது சுங்கப் படிவத்தில் 'பழைய அச்சுநூல்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி உண்மை விலையைப் போடுங்கள். வரிக்குப் பயந்து விலையைக் குறைத்தால், தொலையும்போது அந்தக் குறைந்த தொகைக்குத்தான் உரிமை கோரலாம். மதிப்பெண்ணுக்காகத் தமிழ் இதழை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். போகவர ஆகும் செலவும் ஆபத்தும் இதழின் விலையை விழுங்கிவிடும், உறையில் அடைபட்டு வந்த இதழை இனி யாரும் படிக்கவும் முடியாது. வாங்குபவர்களும் இங்கே எண்ணைவிடப் படத்தைத்தான் நம்புகிறார்கள்.

பெறுபவருக்கு

பொட்டலம் வந்ததும் வெளிப்புறத்தை நான்கு பக்கமும் படமெடுத்துவிட்டு, பிரிப்பதைக் காணொளியாகப் பதியுங்கள். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், டேப்பை மட்டும் கீறுங்கள். மழைநாளில் வந்த பொட்டலத்தை ஓர் இரவு அறையில் வைத்துவிட்டுப் பிரிப்பது நல்லது. பிரித்ததும் விற்பவர் எழுதிய குறைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபாருங்கள், பக்கங்களையும் எண்ணுங்கள். பட்டியலில் இல்லாத குறை கண்ணில் பட்டால் அன்றைக்கே படத்தோடு எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து எழுதினால், அது வழியில் நேர்ந்ததா உங்கள் வீட்டில் நேர்ந்ததா என்று நிறுவ உங்களிடம் ஒன்றும் இருக்காது.